மழலையர் வகுப்புக்கும் வீட்டுக்கும் எதைத் தேடி எடுப்பது?

கேள்வி: மழலையர் வகுப்பில் ஆசிரியராகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. மூன்றரை, நான்கு வயதுக் குழந்தைகள் பதினெட்டுப் பேர். வீட்டில் எனக்கு இரண்டே கால் வயதில் ஒரு மகன். இணையத்தில் தேடினால் ஒர்க்‌ஷீட், ஆப், பிளாஷ் கார்டு, வீடியோ என்று மலைபோல் கிடக்கிறது. இதில் உண்மையாகவே உதவக்கூடியவை எவை? இன்னொன்று, மகன் இன்னும் சரியாகப் பேச ஆரம்பிக்கவில்லை. வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இப்படி இருக்குமோ?

பதில்:

மகனைப் பற்றிய கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், அதற்குக் கொஞ்சம் நிதானம் வேண்டும். மற்றதை முதலில் பார்ப்போம்.

இருபது வருடத்துக்கு மேலாக இந்த வயதுக் குழந்தைகளோடும், பிறகு அவர்களுடைய டீச்சர்களோடும் வேலை செய்துவருகிறேன். புதிதாக எந்தப் பொருளைப் பார்த்தாலும் என்னை நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு. இது என் முகத்தைக் குழந்தையின் பக்கம் திருப்புகிறதா? ஒரு படப் புத்தகம் திருப்பும். நாலு மரக்கட்டை திருப்பும். தொண்ணூறு பக்க ஒர்க்‌ஷீட் கட்டு திருப்பாது. அது குழந்தையைக் குனியவைக்கும், என்னைத் திருத்தவைக்கும். நீங்கள் சொன்ன அந்த மலையில் முக்கால்வாசியை இந்த ஒரு கேள்வியை வைத்தே ஒதுக்கிவிடலாம்.

என் அனுபவத்தை மட்டும் வைத்து இதைச் சொல்லவில்லை. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில் 1986, 1987ஆம் ஆண்டுகளில் ஓர் ஆய்வு தொடங்கியது. சாலி கிரந்தம் மெக்ரெகர் என்ற மருத்துவரின் குழு நடத்தியது. வயதுக்கேற்ற உயரம் இல்லாத, ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 129 குழந்தைகள். வயது 9 மாதம் முதல் 24 மாதம் வரை. அவர்களில் ஒரு பகுதியினரின் வீட்டுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர் ஒருவர் வாரம் ஒருமுறை, ஒரு மணி நேரம் போனார். இரண்டு வருடம் போனார். அவர் கையில் இருந்தது வீட்டுச் சாமான்களை வைத்துச் செய்த பொம்மைகளும் எளிய படப் புத்தகங்களும்தான். தாயும் குழந்தையும் அவற்றை வைத்து எப்படிப் பேசி விளையாடலாம் என்று காட்டினார். பொம்மையை அங்கேயே விட்டுவிட்டு வந்து, அடுத்த வாரம் மாற்றிக் கொடுத்தார். இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தைகளைத் தேடிப் போனார்கள். அந்தச் சந்திப்புகள் கிடைத்தவர்களின் சராசரிச் சம்பாத்தியம், கிடைக்காதவர்களுடையதைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது. 2014இல் இந்த முடிவு வெளியானபோது, கையில் இருந்த பயிற்சி அட்டவணையை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் அலமாரியில் இருந்த விலை உயர்ந்த கல்விப் பொம்மைப் பெட்டிகள் எதுவும் அதைச் செய்ததாக எனக்குத் தெரியவில்லை.

அந்த வேலை அதோடு நின்றுவிடவில்லை. ‘ரீச் அப்’ என்ற பெயரில் பயிற்சித் திட்டமாகி, பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. இதே வகையில், யுனிசெஃப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து ‘கேர் ஃபார் சைல்டு டெவலப்மென்ட்’ என்ற தொகுப்பை இலவசமாக வைத்திருக்கின்றன. அதில் உள்ள ஆலோசனை அட்டைகளை மட்டுமாவது எடுத்துப் பாருங்கள். பிறந்த நாள் முதல், எந்த வயதில் குழந்தையோடு என்ன விளையாடலாம், எப்படிப் பேசலாம் என்று வயதுவாரியாகப் படத்தோடு இருக்கும். பெற்றோர் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட, அதில் தங்கள் குழந்தையின் வயதுக்குரிய கட்டத்தைக் காட்டிப் பத்து நிமிடம் பேசினால் பெற்றோர் மனதில் நிற்கிறது.

பெரியவர்கள் படிக்க வேண்டியதில் அடுத்தது, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் குழந்தை வளர்ச்சி மையம் தரும் பொருள்கள். டென்னிஸில் பந்தைப் போட்டுத் திருப்பி அடிப்பதுபோல, குழந்தை ஒன்றைத் தொடங்கிவைக்கும், நாம் அதற்குப் பதில் கொடுக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வது. குழந்தை எதைப் பார்க்கிறது என்று கவனி. பார்வையாலோ சொல்லாலோ அதற்கு ஆதரவு கொடு. அது பார்ப்பதற்கு, செய்வதற்குப் பெயர் சொல். உன் முறை முடிந்ததும் காத்திரு. அது போதும் என்று திரும்பினால் விட்டுவிடு. இந்த ஐந்தில் மிகக் கஷ்டமானது காத்திருப்பதுதான். பயிற்சிக்கு வரும் டீச்சர்களிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணச் சொல்வேன். பெரும்பாலானவர்கள் இரண்டிலேயே அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். மூன்று வயதுக் குழந்தை ஒரு சொல்லைத் தேடி எடுத்து வாய்க்குக் கொண்டுவர அந்த ஐந்தும் வேண்டும்.

திரையால் இந்தப் பந்து விளையாட்டை ஆட முடியாது. 2003இல் பட்ரீசியா கூல் குழு செய்த ஒரு சோதனை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஆங்கிலம் மட்டும் கேட்டு வளர்ந்த ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியில் ஒருவர் நேரில் உட்கார்ந்து கதை சொல்லி விளையாடினார். மொத்தம் 12 முறை. அந்த மொழியின் ஒலிகளை அவர்கள் பிரித்துக் கேட்கக் கற்றுக்கொண்டார்கள். அதே ஆள், அதே பொருள், ஆனால் டிவியில் என்று இன்னொரு குழுவுக்குக் காட்டியபோது ஒன்றும் நடக்கவில்லை. ஒலிப்பதிவு மட்டும் கேட்டவர்களுக்கும் அப்படியே. ‘பேசக் கற்றுத்தரும்’ வீடியோக்களைப் பற்றி இனிமேல் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். வீடியோ அழைப்பில் தாத்தா பாட்டி பேசுவது வேறு. அங்கே எதிர்முனையில் பதில் சொல்ல ஓர் ஆள் இருக்கிறார்.

அளவு என்ன என்றும் கேட்பீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, இரண்டு வயதுக்குள் திரை முன்னால் உட்காரவைப்பது வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது, குறைந்தால் நல்லது. அதே வழிகாட்டுதல் தூக்கத்தையும் சொல்கிறது: பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம். நாள் முழுவதிலுமாக மூன்று மணி நேரமாவது உடல் அசைந்து விளையாட வேண்டும். காலையில் எரிச்சலோடு வகுப்புக்கு வரும் குழந்தையைப் பற்றிப் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது, நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினான் என்பதைத்தான்.

சரி, புத்தகங்களுக்கு வருவோம். இதில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ் உட்பட ஏராளமான மொழிகளில் குழந்தைக் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இருப்பதால் பதிவிறக்கலாம், அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், உங்கள் வகுப்புக்கு ஏற்றாற்போல் சொற்களை மாற்றிக்கொள்ளலாம். வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருப்பார்கள். உங்கள் வகுப்புக்கு நிலை 1 போதும். முடிந்தவரை அச்சடித்துத் தையல் போட்டு வையுங்கள். கையில் பிடித்துப் பக்கம் திருப்புவது இந்த வயதில் பாதி வாசிப்பு. உலகின் எந்த மூலையில் இருக்கும் தமிழ்க் குழந்தைக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மழலைக் கல்விப் பகுதியும் உதவும். பாட்டும் கதையும் ஒலியோடு இருக்கின்றன.

புத்தகம் கிடைத்துவிட்டால் போதாது. எப்படி வாசிக்கிறோம் என்பதில்தான் பலன் வேறுபடுகிறது. 1988இல் குரோவர் ஒயிட்ஹர்ஸ்ட் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும், இரண்டிலிருந்து மூன்று வயதை ஒட்டிய குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு சின்ன மாற்றத்தைச் சொல்லிக்கொடுத்தார்கள். நீங்களே வாசித்துக்கொண்டு போகாதீர்கள், குழந்தையைச் சொல்லவிடுங்கள், கேட்பவராக நீங்கள் மாறுங்கள். ஒரே மாதத்தில் அந்தக் குழந்தைகளின் பேச்சு, வழக்கம்போல் வாசித்துக் காட்டப்பட்ட குழந்தைகளைவிடத் தெளிவாக முன்னே போயிருந்தது.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்? ஒரு பக்கத்தில் கதவுக்குப் பின்னால் பூனை ஒளிந்திருக்கும் படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் மட்டும் தெரிகிறது.

குழந்தை விரலை வைத்து, “பூனை” என்கிறது.

“ஆமா, பூனை. வால் மட்டும் தெரியுது.” (இங்கே நிறுத்திக் காத்திருக்கிறீர்கள்.)

“ஒளியுது.”

“கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. யாரப் பாத்து ஒளிஞ்சிருக்கும்?”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “நாயி. பெரிய நாயி.”

அந்தப் பக்கத்தில் நாயே இல்லை. குழந்தை ஒரு நாயைக் கொண்டுவந்து கதைக்குள் விட்டுவிட்டது. ‘நாய் எங்கே இருக்கு? இல்லையே’ என்று திருத்திவிடாதீர்கள். “பெரிய நாயா? அப்புறம்?” என்று கேளுங்கள். குழந்தை சொன்ன ஒற்றைச் சொல்லோடு நீங்கள் இரண்டு சொல் சேர்த்துத் திருப்பித் தருகிறீர்கள். மொத்த வித்தையும் அவ்வளவுதான். ஒரு பக்கத்தில் பத்து நிமிடம் போய்விட்டதே என்று தோன்றும். போகட்டும். அதே புத்தகத்தை நாற்பதாவது தடவையாகக் கேட்டாலும் எடுத்து வாசியுங்கள். தெரிந்த கதையில்தான் குழந்தை தைரியமாக வாய் திறக்கும்.

எழுத்து விஷயத்தில் உங்களுக்குப் பெற்றோர், பள்ளி என்று இரண்டு பக்கமிருந்தும் அழுத்தம் வரும் என்று தெரியும். மூன்றரை வயதில் ‘அ’ எழுதவில்லையே என்று கேட்பார்கள். பென்சிலால் ஒரு வடிவத்தைப் பார்த்து வரைவது கையும் கண்ணும் வளர்ந்து வரும் வரிசையில்தான் வரும். வட்டம் மூன்று வயதை ஒட்டி வரும். கூட்டல் குறி நான்கை ஒட்டி. சதுரம் நாலரை வாக்கில். சாய்கோடு உள்ள முக்கோணத்துக்கு ஐந்து ஆகிவிடும். இப்போது ‘அ’வை ஒருமுறை மெதுவாக எழுதிப் பாருங்கள். ஒரு சுழி, ஒரு வளைவு, திரும்பி வந்து ஒரு குறுக்குக் கோடு, ஒரு நெடுங்கோடு. ‘இ’ அதைவிடக் கடினம். அகர வரிசையில் முதலில் வருகிறது என்பதற்காகக் கைக்கும் அதுவே முதலில் வர வேண்டியதில்லை. ‘ட’, ‘ப’ இரண்டும் நேர்கோடுகள். கை தயாரானதும் அங்கே தொடங்கலாம். அதுவரை மணலில் விரல், தரையில் ஈரத் தூரிகை, செங்குத்தான பலகையில் பெரிய சாக்கட்டி. களிமண் பிசைவதும் துணி கிளிப்பைத் திறந்து மூடுவதும் எழுதும் விரல்களுக்கான பயிற்சிதான்.

247 எழுத்துக்கு முன்னால் காது தயாராக வேண்டும். பட்டம், கட்டம், வட்டம் என்று நீங்கள் தொடங்கினால் “சட்டம்!” என்று ஒரு குழந்தை கத்தும். இன்னொன்று அர்த்தமே இல்லாமல் “ஙட்டம், ஞட்டம்” என்று அடுக்கும். இரண்டும் சரி, அந்தக் காதுக்கு எதுகை பிடிபட்டுவிட்டது. ‘ப-ழ-ம்’ என்று கைதட்டிப் பிரிப்பது, “ம-வில் தொடங்கும் பெயர் உள்ளவர்கள் மட்டும் எழுந்திருங்கள்” என்பது, இவையெல்லாம் வரிசையில் நிற்கும்போதே முடிந்துவிடும் விளையாட்டுகள். இதற்கு ஒரு தாளும் வேண்டாம்.

அடுத்தது விளையாட்டுப் பொருள்கள். ஒரே ஒன்றுக்குத்தான் நிதி ஒதுக்க முடியும் என்றால் மரக்கட்டைகள் கேளுங்கள். ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல் 1837இல் ஜெர்மனியில் சின்னக் குழந்தைகளுக்கான தன் நிலையத்தைத் தொடங்கியபோது கையில் கொடுத்த ‘பரிசுகளில்’ மரக்கட்டைகள் உண்டு. இன்று வகுப்புகளில் பார்க்கும் பெரிய அலகுக் கட்டைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்தவர் நியூயார்க்கின் கரோலின் பிராட் என்ற ஆசிரியர். தடிமன், அகலம், நீளம் மூன்றும் 1:2:4 என்ற கணக்கில் இருக்கும். அதனால் இரண்டு சின்னக் கட்டை ஒரு பெரிய கட்டைக்குச் சரியாகப் பொருந்தும். பாலம் ஒரு பக்கம் சாயும்போது ‘இன்னொரு பாதி வேண்டும்’ என்று குழந்தை தானே கண்டுபிடிக்கும். பாதி, இரட்டிப்பு, சமம் என்ற கணக்கு அங்கேயே வந்துவிட்டது. யாரும் பாடம் எடுக்கவில்லை.

கட்டைக்கு வழியில்லை என்றால் மூடி, அட்டைப்பெட்டி, துணித்துண்டு, குழாய், கூழாங்கல். சைமன் நிக்கல்சன் 1971இல் எழுதிய கட்டுரையில் இவற்றை ‘உதிரிப் பொருள்கள்’ என்ற பொருளில் அழைத்தார். நகர்த்த, அடுக்க, மாற்ற முடிகிற பொருள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு கண்டுபிடிப்பு நடக்கும் என்பது அவர் வாதம். ஒரே ஒரு வேலை செய்யும் பொம்மை இரண்டாம் நாளே மூலைக்குப் போய்விடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். இந்த வகையில் அரவிந்த் குப்தாவின் இணையதளமும் ஒரு பொக்கிஷம். தூக்கிப் போடும் சாமான்களிலிருந்து பொம்மை செய்யும் முறைகளை, பல மொழிகளில், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி வைத்திருக்கிறார். அவற்றில் பல கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கானவை. நீங்கள் செய்து, உங்கள் பிள்ளைகள் ஓட்டிப் பார்க்கலாம்.

ஆனால் உதிரிப் பொருள் என்றதும் பாதுகாப்பைச் சொல்லாமல் நகர மாட்டேன். பொம்மைகளைச் சோதிக்கும் சிறு உருளையின் விட்டம் 3.17 சென்டிமீட்டர். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் மூன்று வயதுக்குக் கீழ் உள்ள குழந்தையின் கைக்குப் போகக் கூடாது. வீட்டில் சோதிக்க, டாய்லெட் பேப்பர் சுற்றி வரும் அட்டை உருளையை வையுங்கள். அது கொஞ்சம் பெரியது, அதனால் இன்னும் பாதுகாப்பு. மகனுக்கு இரண்டே கால் என்பதால் வகுப்பிலிருந்து எதையும் அப்படியே வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள். பட்டன் பேட்டரி உள்ள பொருளில் மூடி ஸ்க்ரூ போட்டிருக்கிறதா என்று பாருங்கள். விழுங்கிய பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். சந்தேகம் வந்தாலே நேராக அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும், வெளியே வரும் என்று காத்திருக்கக் கூடாது. சின்னக் காந்த உருண்டைகள், உடைந்த பலூன் துண்டுகள் இரண்டும் வகுப்பில் வேண்டவே வேண்டாம்.

இனி வருவதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். நியூசிலாந்து 1996இல் ‘தே ஃபாரிகி’ என்ற மழலையர் கல்வித் திட்டத்தை வெளியிட்டது, 2017இல் புதுப்பித்தது. மாவோரி மொழியில் அந்தப் பெயருக்குப் ‘பின்னிய பாய்’ என்று பொருள். நலம், ‘இது என் இடம்’ என்ற உணர்வு, பங்களிப்பு, பேச்சு, தேடல் என்று ஐந்து இழைகள். முழு ஆவணமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதோடு சேர்ந்து வளர்ந்தது மார்கரெட் கார் உருவாக்கிய ‘கற்றல் கதை’ என்ற முறை. மதிப்பெண்ணோ டிக் அடிக்கும் பட்டியலோ கிடையாது. ஒரு குழந்தை செய்ததை டீச்சர் பார்த்து, அந்தக் குழந்தைக்கே எழுதும் ஒரு சின்னக் கடிதம். இன்றைக்கும் நான் புது டீச்சர்களுக்குக் கொடுக்கும் முதல் வேலை இதுதான்.

ஒரு வகுப்பில் பார்த்ததைச் சொல்கிறேன். தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒரு சிறுமி நின்றிருந்தாள். மூன்று வயது முடிந்திருக்கும். குறுகிய வாய் உள்ள பாட்டிலில் கோப்பையால் தண்ணீர் ஊற்றுகிறாள், முக்கால்வாசி வெளியே போகிறது. மறுபடி ஊற்றுகிறாள். பாட்டிலைத் தொட்டியின் மூலையில் சாய்த்து வைக்கிறாள், விழுகிறது. சுற்றிப் பார்த்து ஒரு புனலை எடுத்தாள், தலைகீழாக வைத்தாள், தண்ணீர் நாலாபுறமும் வழிந்தது. நிறுத்தினாள். புனலைத் திருப்பினாள். பாட்டில் நிறைய ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டு சத்தமில்லாமல் குதித்தாள். அன்று அவளுடைய குறிப்பேட்டில் ‘வண்ணம் தீட்டும் வேலையை முடிக்கவில்லை’ என்று ஏற்கெனவே எழுதியிருந்தது. அவள் டீச்சரும் நானும் உட்கார்ந்து அதன் கீழே எழுதினோம்: “இன்று நீ பாட்டிலில் தண்ணீர் நிரப்பப் பார்த்தாய். நாலு தடவை கொட்டியது, நீ விடவில்லை. புனலைத் தலைகீழாக வைத்து, பிறகு நீயே திருப்பினாய். தண்ணீர் அகலமான பக்கம் போய் ஒல்லியான பக்கம் வெளியே வரும் என்று உனக்கு இப்போது தெரியும். நாளைக்கு இன்னும் பெரிய பாட்டில் கொண்டுவந்து வைக்கிறேன்.”

மாலையில் அதை அவள் அம்மா வாசலில் நின்றே வாசித்தார். மகளுக்கும் ஒருமுறை வாசித்துக் காட்டினார். அடுத்த வாரம், வீட்டில் குளியலறையில் என்னவெல்லாம் நடக்கிறது என்று அவராகவே டீச்சரிடம் சொல்ல ஆரம்பித்தார். வீட்டுக்கும் பள்ளிக்கும் தொடர்பு வேண்டும் என்று பலரும் சொல்கிறார்கள். இப்படி ஒரு பத்தி எழுதினால் அந்தத் தொடர்பு வந்துவிடுகிறது. பதினெட்டுப் பேருக்கும் தினமும் எழுத முடியாது, நானே வேண்டாம் என்பேன். ஒரு நாளைக்கு ஒரு குழந்தை போதும். ஒரு மாதத்துக்குள் சுற்று முடிந்துவிடும். யாருக்கு எழுத ஒன்றும் தோன்றவில்லையோ, அந்தக் குழந்தையை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். மறுநாள் அதன் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

அடம், அழுகை, கடிப்பது பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மூன்று மாதத்தில் பார்த்திருப்பீர்கள். இதற்கு அமெரிக்காவின் ‘ஜீரோ டு த்ரீ’ அமைப்பின் பெற்றோர் பக்கங்களை நான் நம்பிப் பரிந்துரைப்பேன். ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் டிவி நிகழ்ச்சியைத் தயாரிக்கும் செசமி ஒர்க்‌ஷாப்பிலும் பிரிவு, பயம், கோபம் பற்றிய நல்ல பொருள்கள் இலவசமாக உண்டு. கத்தும் குழந்தையிடம் விளக்கம் எடுபடாது. முதலில் நாம் அமைதியாகப் பக்கத்தில் இருக்க வேண்டும். அடங்கிய பிறகு இரண்டு வாக்கியம் போதும்.

இப்போது உங்கள் மகன். முதலில் கவலையில் ஒரு பாதியை இறக்கி வையுங்கள். இரண்டு மொழி பேசும் வீடு பேச்சுத் தாமதத்தை உண்டாக்குவதில்லை. இப்படிப்பட்ட குழந்தைகளின் சொற்களை எண்ணும்போது இரண்டு மொழியையும் சேர்த்து எண்ண வேண்டும். ஒரு மொழியில் மட்டும் எண்ணிவிட்டுப் பயப்படுகிறவர்கள் நிறைய. ஒரு மொழியை விட்டுவிடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உங்களுக்கு எது சரளமாக வருமோ அதில்தான் உங்களால் நாள் முழுக்கப் பேச முடியும்.

மறு பாதியை அப்படி ஒதுக்கிவிட முடியாது. ‘ஆண் குழந்தைகள் மெதுவாகத்தான் பேசும், பொறு’ என்பார்கள். பொறுக்காதீர்கள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி, இரண்டு மாதம் முதல் ஐந்து வயது வரை வளர்ச்சிப் பட்டியல்களை இலவசமாக வெளியிட்டிருக்கிறது. 2022இல் அவற்றைத் திருத்தியபோது, அந்த வயதில் நூற்றுக்கு 75 குழந்தைகளாவது செய்யக்கூடியவை என்று எதிர்பார்க்கும் திறன்களையே வைத்தார்கள். அதாவது ‘சராசரிதானே, போகப் போக வரும்’ என்று தள்ளிவிட முடியாதபடி. இரண்டு வயதில் இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்வது அதில் இருக்கிறது, ‘இன்னும் பால்’ என்பதுபோல. (உங்கள் வகுப்புக்கும் அது பயன்படும். ஐந்து வயதுப் பட்டியலில், ஒரு செயலில் 5 முதல் 10 நிமிடம் கவனம் செலுத்துவது என்று போட்டிருக்கும், திரை பார்க்கும் நேரம் கணக்கில் இல்லை. நான்கு வயதுப் பிள்ளைகளை அரை மணி நேரம் உட்காரவைக்கச் சொல்கிறவர்களிடம் அதைக் காட்டுங்கள்.)

சொற்களைவிட முக்கியமான சில கேள்விகள். அவனுக்குப் பிடித்ததை உங்களுக்குக் காட்ட விரல் நீட்டுகிறானா, காட்டிவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறானா? பெயர் சொன்னால் திரும்புகிறானா? சைகை இல்லாமல் ‘ஷூவை எடுத்துட்டு வா’ என்றால் புரிகிறதா? முன்பு சொல்லிக்கொண்டிருந்த சொல்லோ, செய்துகொண்டிருந்த செயலோ நின்றுபோயிருக்கிறதா? கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் எந்த வயதானாலும் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மற்றவற்றுக்குப் பதில் நன்றாக இருந்தாலும் செவித்திறன் சோதனை ஒன்று செய்துவிடுங்கள். பிறந்தபோது செய்ததில் சரியாக இருந்தது என்பது போதாது. அடிக்கடி சளி பிடித்துக் காதுக்குள் நீர் தேங்கினாலும் பேச்சு மங்கலாகத்தான் கேட்கும். 16 முதல் 30 மாதம் வரை உள்ள குழந்தைகளுக்கான ‘எம்-சாட்’ என்ற 20 கேள்விப் படிவமும் இலவசம், பல மொழிகளில் இருக்கிறது. உங்கள் மகன் அந்த வயதுக்குள்தான் இருக்கிறான். அது ஆட்டிசம் என்று முடிவு சொல்லும் படிவம் இல்லை. விரிவாகப் பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும், எந்த மொழி, எப்போது, யாரிடம். ‘தண்ணி’யை ‘ண்ணி’ என்று சொன்னால் அதையும் சேருங்கள், மியாவ், பொம்பொம் எல்லாம் சேரும். சொல் இல்லாமல் அவன் கேட்ட விதத்தையும் எழுதுங்கள்: கையைப் பிடித்து இழுத்தான், சுட்டிக் காட்டினான், அழுதான். இயல்பாக விளையாடும்போது இரண்டு நிமிட வீடியோ ஒன்றும் எடுத்து வையுங்கள், புது இடத்தில் பெரும்பாலான குழந்தைகள் வாயே திறக்காது. ‘சரியாகப் பேசவில்லை’ என்று மட்டும் சொன்னால் ஆறு மாதம் கழித்து வரச் சொல்லி அனுப்பிவிடக்கூடும். நோட்டோடும் வீடியோவோடும் போனால் அன்றைக்கே காதுச் சோதனைக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடமும் அனுப்பக் கேட்பது உங்களுக்கு எளிது. அவர்கள் அழைக்கும் நாள் வரை அந்தப் பூனைப் படம் போல ஏதாவது ஒன்றை எடுத்து, தினம் பத்து நிமிடம், அவன் முகம் தெரியும்படி எதிரே உட்கார்ந்து பாருங்கள்.